ஒரு பெயரை நீக்கும் கட்டணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து காபிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். மரினஸ் டி நோயர் ஆகிய நான். என் மனைவி நெல்லா. எங்கள் மகள் மினா. அவளுடைய பெண்கள் லேயாவும் தீர்ஸாவும். என் தம்பி ஆர்யான், அவன் மனைவி கோபா. அவ்வளவுதான். போதகர் வரவில்லை. சபையின் மற்ற மூப்பர்கள் யாரும் வரவில்லை. லௌரன்ஸ் வரவில்லை, அவன் குரல் மட்டும் தொலைபேசியில் வந்தது.

லௌரன்ஸ் மினாவின் கணவனாக இருந்தவன். சிப்பிப் படகில் வேலை. முதலில் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான், பிறகு வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினான். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பிரிந்ததில்லை. நீதிமன்றம் பிரித்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நீதிமன்றம் பிரித்ததை வங்கி பிரிக்கவில்லை. அணைக்கரைக்குக் கீழே இருக்கும் அந்த வீட்டை இருவரும் சேர்ந்து கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். லௌரன்ஸ் வீட்டை விட்டுப் போனதிலிருந்து தவணை முழுவதையும் மினா தனியாகக் கட்டிவருகிறாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து, ஒரு மாதம்கூடத் தவறாமல். இருந்தும் கடன் பத்திரத்தில் லௌரன்ஸின் பெயர் இருந்தது. அதை எடுக்காமல் அவன் தனக்கென்று வேறு கடன் வாங்க முடியாது. ஆகவே தீர்ப்பில் ஒரு கெடு வைத்திருந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவன் பெயர் நீங்கி, கடன் மினாவின் தனிப் பெயருக்கு மாற வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டும்.

பெயரை நீக்குவது என்றால் ஒரு கோடு போட்டு அடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வங்கிக்கு அது வேறு. கூட்டுப் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்கும் கட்டணம் என்று ஒன்று, ஏறத்தாழ ஆயிரம் யூரோ. மினாவின் சம்பளம் போதுமா என்று கணக்குப் பார்த்து விண்ணப்பத்தை அனுப்பும் ஆலோசகருக்கு ஒன்று. வீட்டை வந்து பார்த்து விலை சொல்பவருக்கு ஒன்று. கடைசியில் பத்திரத்தை வாசிக்கும் நோட்டரிக்கு ஒன்று.

"ரெண்டு பேரா சேர்ந்து கையெழுத்து போட்டப்ப பூங்கொத்து குடுத்தாங்க," என்றாள் நெல்லா. "ஒருத்தரை எடுக்கணும்னா மட்டும் இவ்வளவு காசா? அதே வீடு, அதே செங்கல். நம்ம பொண்ணுதானே கட்டிக்கிட்டு இருக்கா."

"சபையில கல்யாணத்துக்குக் கட்டணம் இல்ல அண்ணி, பேங்குல பிரியறதுக்கு இருக்கு. ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க போல," என்றான் ஆர்யான். அவன் சபையில் உதவிக்காரன், ஏழைகள் நிதியைப் பார்த்துக்கொள்பவன். வாய் கொஞ்சம் நீளம்.

லௌரன்ஸ் பாதியைத் தருவதாகச் சொல்லியனுப்பினான். நான் வேண்டாம் என்றேன். அவன் காசு இந்தக் குடும்பத்தின் வாசற்படி ஏறக் கூடாது என்று மினாவிடம் சொன்னேன். அவள் தன் சேமிப்பை எடுத்து எல்லாவற்றையும் கட்டினாள். வீட்டு விலை ஏறியதில் லௌரன்ஸுக்குச் சேர வேண்டிய பங்கை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். அவனுக்கு நாங்கள் ஒரு சென்ட்கூடப் பாக்கி வைக்கவில்லை. அதன்பிறகு மினாவின் கணக்கிலும் என் கணக்கிலும் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஓய்வூதியம் வரும், தீரும்.

கோடை முழுவதும் மினா வங்கியோடு பேசியே களைத்துப்போனாள். வேலை இடைவேளையில் முதியோர் இல்லத்தின் துணி அறையில் நின்றபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு இசை கேட்பாள். யாரோ எடுப்பார்கள். பிறந்த தேதி கேட்பார்கள். இது எங்கள் பிரிவு இல்லை என்பார்கள். சம்பளச் சீட்டை மூன்று முறை கேட்டார்கள். மாலையில் வந்து என் எதிரே உட்கார்ந்து காலணியைக்கூடக் கழற்றாமல் கண்ணை மூடிக்கொள்வாள். "இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று நெல்லா கேட்பாள். "பாக்குறோம்னு சொன்னாங்க." அது தினமும் வரும் பதில்.

கடைசியில் வங்கியின் சம்மதம் வந்தது. லௌரன்ஸ் முதலில் கையெழுத்திட வேண்டும், அது முடிந்தால்தான் மினா கையெழுத்திடும் பக்கம் திறக்கும். எல்லாம் போனில். ஆகஸ்ட் முடிவு வரைக்கும் செல்லும் என்று ஆலோசகர் ஹானெக்கே சொன்னார். நாட்காட்டியில் ஆகஸ்டின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் திங்கள் என்று நாங்கள் எல்லாருமே எடுத்துக்கொண்டோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் தீவில் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை விழும் எதுவும் திங்களுக்குப் போகும். பிறந்தநாள் திங்களுக்குப் போகும், ஏலம் திங்களுக்குப் போகும். எங்கள் ரொட்டிக் கடைக்காரரின் இணையக்கடையைத் திறந்தால், இன்று ஓய்வுநாள், நாளை வாருங்கள் என்றுதான் வரும். பட்டணத்து வங்கிக்கும் ஞாயிறு என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

லௌரன்ஸ் அந்த வாரம் முழுக்க வடக்கே கடலில். அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. சனிக்கிழமை கரைக்கு வந்து புதிது வாங்கி, வங்கியின் செயலி அதில் வேலை செய்ய ஒரு ராத்திரி ஆகி, ஞாயிறு காலை கையெழுத்திட்டிருக்கிறான். இட்டபோதுதான் அதில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கைபேசிகள் இழுப்பறையில் இருக்கும். நடைபாதையில் உள்ள பழைய தொலைபேசி மட்டும் ஒலிக்கலாம். அது ஒலித்தால் சாவு, இல்லையென்றால் சாகக் கிடக்கிறார்கள் என்று பொருள். மணி அடித்ததும் கோபா கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டாள். அவள் அம்மா மருத்துவமனையில் இருந்தார்.

நெல்லா போய் எடுத்தாள். பிறகு கதவருகே வந்து நின்று, "மினா, உனக்கு," என்றாள். யார் என்று சொல்லவில்லை. சொல்லாததிலேயே தெரிந்தது.

மினா நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. "ம். இல்ல, நாளைக்குத்தானே. யார் சொன்னா? ம். நீ நல்லாப் பாத்தியா? சரி. இல்ல, தெரியல. சரி, வை."

உள்ளே வந்து உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ராத்திரியோட முடியுதாம். அவன் போட்டுட்டான். நான் இன்னைக்குப் போடலைன்னா எல்லாம் முதல்லேர்ந்தாம்."

"முதல்லேர்ந்துன்னா?" என்றாள் நெல்லா.

"விண்ணப்பம், கட்டணம், எல்லாம்மா."

"கட்டினதைத் திருப்பித் தருவாங்கல்ல?"

மினா சிரித்தாள். சிரிப்பில் சத்தம் இல்லை.

கோபாதான் ஆரம்பித்தாள். அவள் தீவுக்கு வெளியே இருந்து வந்தவள், நல்ல பெண், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பாள். "போன வருஷம் பக்கத்துப் பண்ணையில பசு கால்வாய்க்குள்ள விழுந்தப்ப நீங்கதானே அத்தான் முதல்ல கயிறைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க? அதுவும் ஞாயித்துக்கிழமைதான். கோட்டைக்கூடக் கழட்டல."

"பசுவுக்குத் தேதி பாக்கத் தெரியாது," என்றேன். "நமக்குத் தெரியும். நாம பாக்கல."

"வீடு போச்சுன்னா பசு போன மாதிரிதானே?"

"கோபா, விடு," என்றான் ஆர்யான்.

மினா என்னைப் பார்த்தாள். "அப்பா, ஒரு தடவை விரலால தொடணும். அவ்வளவுதான். மத்தியான ஆராதனைக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

"நாளைக்குப் போடு."

"நாளைக்கு இருக்காதுப்பா."

"அப்ப இல்ல."

நான் சொன்னது இவ்வளவுதான். இதையே பிறகு ஊரில் நீட்டி முழக்கிச் சொன்னார்கள் என்பதால் வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன். நான் மேசையைத் தட்டவில்லை. எழுந்து நிற்கவில்லை. என் அப்பா போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டிலும், வெள்ளம் வடிந்த வருஷத்திலும் ஞாயிற்றுக்கிழமை கணக்கு வழக்கில் கை வைத்ததில்லை. ஒரு வங்கியின் அவசரத்துக்காக நான் அதை மாற்றுவதாக இல்லை. அது இன்றைக்கும் என் நிலைதான்.

மினா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மத்தியான ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கத்தின்போது நெல்லா வழக்கம்போல் நீட்டிய மிட்டாயை வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை. சாயங்காலம் பெண்களைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அங்கே இரவு என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முப்பத்தெட்டு வயதுப் பெண், அவள் போன் அவள் கையில் இருந்தது.

திங்கள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து, போனை மேசை நடுவில் வைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வங்கியைக் கூப்பிட்டாள். இசை வந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு ஓர் இளைஞன். மரியாதையானவன்தான்.

"உங்க சம்மதக் கடிதம் காலாவதி ஆயிடுச்சு மேடம். நீங்க கையெழுத்து போடல."

"நேத்து ஞாயித்துக்கிழமை," என்றாள் மினா.

"ஆமா மேடம். நேத்து நாள் பூரா திறந்துதான் இருந்துச்சு."

நான் போன் பக்கம் குனிந்தேன். "எங்களுக்கு மூடியிருந்துச்சு."

"நீங்க யாரு சார்?"

"அவ அப்பா."

"மன்னிக்கணும் சார், உங்க பேர் இந்தக் கடன்ல இல்ல. உங்ககிட்ட நான் பேச முடியாது."

இரண்டு வருஷமாக வீட்டில் இல்லாதவனிடம் பேசுவார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் பேச மாட்டார்கள். நெல்லா என் முழங்கையைத் தொட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரே நாள்தானே," என்றாள் மினா போனிடம். "அரசாங்கத்துல கெடு ஞாயித்துக்கிழமை விழுந்தா மறுநாளுக்குப் போகுதே."

"அது அரசாங்கம் மேடம். எங்க சிஸ்டம் ஏழு நாளும் ஓடும். புதுசா விண்ணப்பம் போடுங்க. வீட்டு மதிப்பீடு இன்னும் செல்லும், அதைத் திரும்ப எடுக்க வேண்டாம். விடுவிப்புக் கட்டணம் மட்டும் மறுபடி கட்டணும். கட்டின பிறகுதான் ஃபைலைத் திறப்போம்."

"எதுக்கு மறுபடி? நீங்க ஏற்கெனவே எல்லாம் பாத்து சரின்னு சொன்னீங்களே."

"அது பழைய ஃபைல் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்ல. நன்றி," என்றாள் மினா. அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

புதிய விண்ணப்பம் முடியக் குறைந்தது ஆறு வாரம் ஆகும் என்றார் ஹானெக்கே. தன் பங்குக்குப் பணம் வேண்டாம், பாதி வேலை ஏற்கெனவே ஆகிவிட்டது என்றார். அக்டோபர் முடிவு தாங்கும், ஆனால் கட்டணத்தை உடனே கட்டினால்தான் தாங்கும். அந்த ஆயிரம் எங்களிடம் இல்லை. நான் காரை விற்கலாமா என்று யோசித்தேன். அதை யார் வாங்குவார்கள் என்று நெல்லா கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அந்த வார நடுவில் ஆர்யான் தனியாக வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, நிதியில இருக்கு. நான், இன்னும் ரெண்டு பேர், அவ்வளவு பேருக்குத்தான் தெரியும். சத்தமில்லாம முடிச்சிடலாம்."

"ஏழைங்க நிதி, ஏழைங்களுக்கு."

"ஓய்வுநாளை மதிச்சதால வந்த நஷ்டம்ணே இது. சபை குடுக்கலாம். அதுக்குத்தான் இருக்கு."

"மதிச்சதுக்குக் கூலி வாங்கினா அது மதிச்சதா?"

சமையலறை வாசலில் மினா நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்தது எனக்குத் தெரியாது. வேலை உடையிலேயே இருந்தாள்.

"முதல் தடவை அவன் பாதி தர்றேன்னான், வேணாம்னீங்க," என்றாள். "இப்ப சித்தப்பா தர்றேங்கறாரு, வேணாங்கறீங்க. சரிப்பா. உங்க மானத்துக்கு நான் இன்னும் எத்தனை தடவை கட்டணம் கட்டணும்? அதை மட்டும் சொல்லுங்க. நான் கூடுதலா நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தாள். நெல்லா சூப்பை எடுத்து வைத்தாள். ஆர்யான் சாப்பிடாமல் போய்விட்டான். மினா சாப்பிட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஹானெக்கே போன் செய்தார். கட்டணம் வந்துவிட்டது, ஃபைல் திறந்துவிட்டார்கள் என்றார். மினாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆர்யானைக் கேட்டேன். "நீங்க வேணாம்னு சொன்ன பிறகு நான் எப்படிண்ணே?" என்றான். அவன் வாய் நீளமே தவிர பொய் சொல்ல மாட்டான். ஹானெக்கேயிடம் திரும்பக் கேட்டபோது, கடன் வாங்கியவர்களில் ஒருவர் கணக்கிலிருந்து வந்திருக்கிறது என்றார். கடன் வாங்கியவர்கள் இரண்டே பேர்.

நான் துறைமுகத்துக்குப் போனேன். படகுகள் வந்து சேர்ந்திருந்தன. லௌரன்ஸ் ரப்பர் காலணியோடு பெட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"வாங்க மாமா."

பிரிந்த பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறான். நான் அதைத் திருத்தவில்லை.

"உன் காசு எங்களுக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

"உங்களுக்குத் தரலையே மாமா. என் பேரை எடுக்கறதுக்குத்தானே கட்டணம். என் பேரு, என் காசு. முதல் தடவையே அப்படித்தான் இருந்திருக்கணும். நீங்க விடல."

கடற்காகங்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து எழுந்தன.

"என் போன் விழலைன்னா புதன்கிழமையே முடிஞ்சிருக்கும்," என்றான். "அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. அவ தப்பும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை கூப்பிட்டியே. அவ போடுவான்னு நெனச்சியா?"

"இல்ல." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பன்னெண்டு வருஷம் கூட இருந்தவன் மாமா. போட மாட்டான்னு தெரியும். ஆனா சொல்லாம இருந்தா, நான் வேணும்னே பண்ணிட்டேன்னு நீங்க சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். அது உண்மைதான்.

"திருப்பித் தர்றேன்," என்றேன். "மாசா மாசம்."

"அதுக்கு நாம ரெண்டு பேரும் பேங்குக்குப் போய் ஒண்ணா கையெழுத்து போடணும் மாமா. அப்புறம் என்னை அதுலேர்ந்து எடுக்கறதுக்கு ஒரு கட்டணம் கேப்பான்."

படகில் இருந்த ஒருவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் அதை என்னைச் சீண்டச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவனும் தூங்காத முகத்தோடுதான் இருந்தான். கிளம்பும்போது ஒரு வாளி சிப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். "அத்தைக்கு," என்றான். நெல்லாவுக்கு என்று கொடுத்ததை மறுக்க எனக்கு உரிமையில்லை. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மினாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல், அவன் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். அவள் சிப்பிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "சரிப்பா," என்றாள். பிறகு, "சிப்பியில போட செலரித் தழை வாங்கிட்டு வர்றீங்களா? வீட்ல இல்ல," என்றாள். போய் வாங்கி வந்தேன்.

இந்த முறை சம்மதம் வந்த அன்றே இருவரும் கையெழுத்திட்டார்கள். அது ஒரு வியாழக்கிழமை. அக்டோபர் முடிவதற்குள் நோட்டரியின் அறையில் பத்திரத்தை உரக்க வாசித்தார்கள். அதில் பாதிக்கு மேல் யாருக்கும் புரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியே வந்து லௌரன்ஸ் மினாவின் கையைக் குலுக்கினான், பிறகு என் கையை. நான் கொடுத்தேன். மினா நேராக வேலைக்குப் போனாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது. தவணையும் அவள் பெயரில் இருக்கிறது.

சபையின் ஏழைகள் நிதியிலிருந்து டி நோயர் வீட்டுக்குப் பணம் போனதாக ஊரில் சொல்கிறார்கள். ரொட்டிக் கடையில் சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அது உண்மையல்ல. நிதியிலிருந்து ஒரு சென்ட்கூட வரவில்லை. இரண்டாம் கட்டணத்தைக் கட்டியவன் லௌரன்ஸ்.